மோனோரயில் போகியை இறுக்கமான வளைவுக்கு வடிவமைப்பது எப்படி

மோனோரயில் நகரத்துக்குள் வரும்போது முதலில் கேட்கப்படுவது "எவ்வளவு சின்ன வளைவில் திரும்பும்?" என்பதுதான். சாலைச் சந்திப்பில் திரும்ப 50 மீட்டர் ஆரம் போதுமென்றால் கட்டடம் இடிபடாது. 100 மீட்டர் வேண்டுமென்றால் மூலைக் கட்டடம் போகும். 1964இல் திறந்த டோக்கியோ மோனோரயிலின் மிகச் சிறிய வளைவு 120 மீட்டர். 2003இல் திறந்த ஒகினாவா யுய் ரயிலில் அது 50 மீட்டர். சீனாவின் சோங்சிங் நகரின் 2ஆம் பாதை, அதே குடும்பத்து வண்டிகளை வைத்துக்கொண்டே, பயணிகள் ஓடும் பாதையில் 100 மீட்டரோடு நிறுத்திக்கொண்டது. ஒற்றை ஆக்சில் போகி (போகி என்றால் இங்கே பெட்டி அல்ல, பெட்டிக்கு அடியில் ஆக்சிலையும் டயர்களையும் தாங்கும் சட்டகம்) கொண்ட இன்னோவியா 300 என்ற மோனோரயில் வகைக்கு 46 மீட்டர் என்று சொல்லப்படுகிறது.

இங்கே பேசுவது பீமின் (பாதையாக இருக்கும் ஒற்றை உத்தரத்தின்) மேல் கவிழ்ந்து ஓடும் வகையைப் பற்றி மட்டும். தொங்கும் வகையின் கணக்கு வேறு. எடுத்துக்காட்டுக்கு ஜப்பானில் பரவலாக உள்ள அமைப்பை வைத்துக்கொள்வோம்: பீம் 850 மி.மீ அகலம், 1500 மி.மீ உயரம். ஒரு போகிக்கு பீமின் தலையில் ஓடும் சுமை டயர் 4, பக்கவாட்டின் மேல்பகுதியைப் பிடிக்கும் வழிகாட்டி டயர் 4, கீழ்ப்பகுதியைப் பிடிக்கும் நிலைநிறுத்தி டயர் 2. வழிகாட்டிகள் போகியின் நான்கு மூலையில். நிலைநிறுத்திகள் நடுவில், பக்கத்துக்கு ஒன்று. ஆக்சில்களுக்கு இடையே 1500 மி.மீ; முன், பின் வழிகாட்டிகளுக்கு இடையே 2500 மி.மீ, போகிச் சுமை 20 டன், அதாவது ஒரு சுமை டயருக்கு ஏறத்தாழ 50 கிலோநியூட்டன். கீழே வரும் டயர் விறைப்பு எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் டயர் தயாரிப்பாளர் தரும் எண்ணை அந்த இடத்தில் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

முதலில் வளைவை உறுதி செய்யுங்கள்

"50 மீட்டர் ஆரம்" என்று ஒரு வரியில் எழுதித் தந்தால் வடிவமைப்பைத் தொடங்காதீர்கள். அந்த ஆரம் பீமின் நடுக்கோட்டில் அளந்ததா, அந்த வளைவில் பயணிகளோடு வண்டி ஓடுமா அல்லது பணிமனைக்குள் காலியாக மட்டும் ஊர்ந்து போகுமா, பீமுக்கு எவ்வளவு சாய்வு தரலாம், வளைவு நிலையத்துக்குள் வருகிறதா என்பதெல்லாம் கையில் இருக்க வேண்டும். நிலையத்துக்குள் வளைவு வந்தால் சாய்வு வைக்க முடியாது. மேடைக்கும் கதவுக்கும் இடையே பள்ளம் விழும்.

வேகம் இப்படி வரும். பீமை 12 சதவீதம் வரை சாய்ப்பது இந்த வகையில் வழக்கம். சாய்வு ஈடுகட்டாமல் மிஞ்சும் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 8 சதவீதம் வரை இருக்கலாம் என்றால், 50 மீட்டர் வளைவில் மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ போகலாம். 30 மீட்டரில் 28 கி.மீ. சாய்வே இல்லையென்றால் 50 மீட்டரில் 22.5 கி.மீதான். மிச்ச முடுக்கத்தை 4 சதவீதமாகக் குறைத்தால் 50 மீட்டரில் வேகம் 32 கி.மீ ஆகும். இழப்பு வெறும் 4 கி.மீ. ஆனால் வழிகாட்டி டயரில் மையவிலக்கால் வரும் சுமை பாதியாகிவிடும். வேகக் கட்டுப்பாட்டைக் கேவலமாக நினைக்கும் திட்ட மேலாளர்களிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டுங்கள்.

வளைவுக்குள் நுழையும் இடைமாற்று நீளத்தையும் (நேர்பாதை மெல்ல மெல்ல வளைவாக மாறும் பகுதி) இப்போதே கேட்டு வாங்குங்கள். 36 கி.மீ வேகத்தில் 8 சதவீத முடுக்கம் நொடிக்கு 3 சதவீதம் என்ற அளவில் ஏற வேண்டுமென்றால் ஏறத்தாழ 27 மீட்டர் நீளம் தேவை. இதைக் கட்டுமானக்காரர்கள் வெட்டிவிட்டால் போகி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயணி தடுமாறுவார்.

சுமை டயர் எவ்வளவு குறுக்கே இழுபடுகிறது

இரண்டு ஆக்சிலும் ஒரே சட்டத்தில் இணையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் வளைவில் இரண்டுமே பாதையின் திசைக்குச் சற்றுக் கோணலாகத்தான் உருளும். கோணம் காண, ஆக்சில் இடைவெளியில் பாதியை ஆரத்தால் வகுக்கவும். 1500 மி.மீக்கு 50 மீட்டரில் 0.86 டிகிரி, 30 மீட்டரில் 1.43 டிகிரி. சின்னக் கோணம்தானே என்று விடாதீர்கள். 50 கிலோநியூட்டன் சுமையில் ஒரு டிகிரிக்கு 5 கிலோநியூட்டன் பக்கவிசை தரும் டயர் என்று வைத்தால், 50 மீட்டரில் ஒரு டயருக்கு 4.3 கிலோநியூட்டன், ஒரு ஆக்சிலுக்கு 8.6. முன் ஆக்சில் வளைவின் வெளிப்பக்கம் தள்ளும், பின் ஆக்சில் உள்பக்கம் தள்ளும். இரண்டும் சேர்ந்து போகியை நேராக்கப் பார்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 13 கிலோநியூட்டன் மீட்டர். இதை எதிர்த்துப் போகியைத் திருப்பி வைத்திருப்பது வழிகாட்டி டயர்கள் மட்டுமே. 2.5 மீட்டர் இடைவெளியில் முனைக்கு 5.2 கிலோநியூட்டன், இரண்டு பக்க டயரும் முன்னழுத்தத்தோடு (பொருத்தும்போதே தரும் அழுத்தத்தோடு) பீமைப் பிடித்திருந்தால் ஒன்றில் 2.6 கூடும், மற்றதில் 2.6 குறையும். 30 மீட்டரில் அது 4.3 ஆகும்.

ஆக்சில் இடைவெளியைக் குறைத்தால் கோணமும் குறைகிறது, நெம்புகோல் நீளமும் குறைகிறது. ஆகவே திருப்புவிசை இடைவெளியின் வர்க்கத்தில் இறங்கும். 1500இலிருந்து 1250க்கு வந்தால் 13 என்பது 9 ஆகும். டயர் தேய்வுக்குக் காரணமான உராய்வு ஆற்றலும் கோணத்தின் வர்க்கத்தில் போவதால், 50 மீட்டரை 30 ஆக்கும்போது ஒவ்வொரு மீட்டர் ஓட்டத்திலும் ரப்பர் தின்னும் ஆற்றல் 2.8 மடங்கு. வளைவைச் சுருக்க வேண்டும் என்றால் முதலில் கை வைக்க வேண்டிய அளவு இதுதான். திருப்பு இணைப்பு, ஹைட்ராலிக், சென்சார் என்று யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எவ்வளவு குறைக்கலாம் என்பதை டயர் விட்டம் தீர்மானிக்கும். ஏறத்தாழ 1000 மி.மீ விட்டமுள்ள டயருக்கு 1250 இடைவெளி என்றால் இரண்டு டயருக்கும் நடுவே 250 மி.மீதான் மிஞ்சும். சட்டத்தின் நடுக் குறுக்குத்தண்டு, பிரேக் குழாய்கள், இழுவைத் தண்டு எல்லாம் அந்த 250க்குள் வர வேண்டும். டயர் காற்று இறங்கும்போது புடைப்பதற்கும் இடம் வேண்டும். குறுக்குத்தண்டை டயருக்கு மேலே வளைத்துக் கொண்டுபோனால் வண்டியின் தளம் உயரும். சின்ன டயர் போட்டால் சுமை தாங்கும் திறன் விழும். பயணிகள் எண்ணிக்கை குறையும். இந்த மூன்றில் எதை இழக்கலாம் என்பது உங்கள் நகரத்தின் கேள்வி. 50 மீட்டருக்கு 1500ஐ வைத்துக்கொண்டே சமாளிக்கலாம். 40க்குக் கீழே போனால் குறைக்காமல் முடியாது.

டிஃபரென்ஷியல் (ஒரே ஆக்சிலின் இரண்டு டயரும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே ஆக்சிலில் உள்ள இரண்டு டயரின் நடுக்கோடுகளுக்கு இடையே 400 மி.மீ என்றால், 50 மீட்டரில் உள், வெளி டயர் ஓடும் தூர வித்தியாசம் 0.8 சதவீதம். இரண்டையும் இறுக்கிப் பூட்டினால் டயருக்கு 0.4 சதவீதம் வழுக்கல். அதனால் வரும் திருப்புவிசை போகி முழுவதற்கும் சுமார் 1.6 கிலோநியூட்டன் மீட்டர். கோணல் உருளலின் 13க்கு முன்னால் இது ஒன்றுமில்லை. வளைவுக்காக மட்டும் டிஃபரென்ஷியல் வைப்பது எடையும் பராமரிப்பும்தான்.

நடுக் கீழ்ச் சக்கரம்: பலர் கோட்டைவிடும் இடம்

வழிகாட்டிகள் முனைகளில், நிலைநிறுத்திகள் நடுவில். நேர்பாதையில் மூன்று இடமும் ஒரே கோட்டில் இருக்கும். வளைவில் பீம் நடுவில் வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கும். எவ்வளவு என்றால், வழிகாட்டி இடைவெளியின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 2500 மி.மீக்கு 50 மீட்டரில் 15.6 மி.மீ. 30 மீட்டரில் 26 மி.மீ. இடைவெளியை 2200 ஆக்கினால் முறையே 12 மி.மீ, 20 மி.மீ.

இந்த 15.6 மி.மீ எங்கே போகிறது? டயரை நசுக்கிக்கொண்டு போவதாக நினைத்து மிருதுவான நிலைநிறுத்தி டயரைத் தேடுவது தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்க டயர் ஒவ்வொன்றும் மி.மீக்கு 1 கிலோநியூட்டன், சுமை டயர் மி.மீக்கு 1.2, மேல், கீழ் பக்க டயர்களுக்கு இடையே செங்குத்தாக 900 மி.மீ என்று எடுத்தால், நிலைநிறுத்தி டயர் 1.6 மி.மீ மட்டும் அமுங்கும், மேல் வழிகாட்டிகள் 0.8 மி.மீ. மீதி முழுவதும் போகி உருண்டு சாய்வதில் போகிறது: 0.84 டிகிரி. சாய்வது வளைவின் உள்பக்கமாக, அதாவது நமக்குச் சாதகமான பக்கம். சுமை டயர்களில் ஒரு பக்கம் 7 சதவீதம் கூடும், மறுபக்கம் 7 சதவீதம் குறையும். 30 மீட்டரில் சாய்வு 1.4 டிகிரி, சுமை கூடுவதும் குறைவதும் 12 சதவீதம். எனவே நிலைநிறுத்தி டயரின் மென்மை அல்ல, சுமை டயர்களின் உருள் விறைப்புத்தான் இங்கே ஆளும் அளவு. இரட்டை டயர்களின் நடுக்கோட்டு இடைவெளியைத் தேவையில்லாமல் அகலப்படுத்தினால் இந்த இணக்கம் போய், நடுச் சக்கரத்தின் தாங்கியில் விசை ஏறும். தாங்கியின் பற்றவைப்பு முனையில் விரிசல் வரும் போகிகளில் முதலில் இதைச் சரிபாருங்கள்.

சுமை டயர்களும் பீமின் நடுவில் இருக்காது. 50 மீட்டரில் அவை 10 மி.மீ உள்பக்கம் தள்ளியிருக்கும், 30 மீட்டரில் 17 மி.மீ. டயர் அகலம் 350 என்றால் நேர்பாதையில் வெளி விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 375 மி.மீ, பீமின் விளிம்பு 425. மூலையில் பீமைச் சீவி விட்டிருப்பார்கள். மிச்சமுள்ள 30 சொச்சம் மி.மீயில் இந்த 17ஐயும் பக்கவாட்டு நகர்வையும் கழித்தால் டயரின் தோள் பீமின் விளிம்பை நெருங்கிவிடும். அங்கே தோள் மட்டும் சீக்கிரம் தேயும்.

இதற்கு இன்னொரு வழி, நிலைநிறுத்திகளையும் முனைக்கொன்றாக நான்காக்கி, மேல் வழிகாட்டிகளுக்கு நேர் கீழே வைப்பது. புடைப்புச் சிக்கல் ஒழியும். இரண்டு டயர், இரண்டு தாங்கி, அவற்றின் எடை கூடும். 40 மீட்டருக்குக் கீழே இது மதிப்புள்ள பேரம்.

முன்னழுத்தம் எவ்வளவு

பக்க டயர்கள் பீமைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதாது, அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். எந்தச் சூழலிலும் எந்த டயரும் பீமை விட்டு விலகக் கூடாது. விலகினால் அந்த முனையின் விறைப்பு பாதியாகும், திரும்பத் தொடும்போது தட்டும், டயர் ஒரே இடத்தில் தேயும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படும்போது அழுத்தம் ஏறுவது வளைவின் உள்பக்கத்தில் உள்ள மேல் வழிகாட்டியில். போகி பீமைக் கவ்வியிருப்பதால், வெளியே போகப் பார்க்கும் போகியை பீமின் உள்முகம்தான் தடுக்கிறது. கீழே இதற்கு நேர் எதிர்: வெளிப்பக்க நிலைநிறுத்தியில் அழுத்தம் ஏறும். சாதாரண ரயில் போகியில் பழகியவர்கள் வெளிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

50 மீட்டர், மிச்ச முடுக்கம் 4 சதவீதம், வண்டியின் எடை மையம் பீமின் தலைக்கு 1 மீட்டர் மேலே, மேல் வழிகாட்டி பீமின் தலைக்கு 250 மி.மீ கீழே என்று வைத்தால், முன் உள்பக்க வழிகாட்டியில் சேர்வது: மையவிலக்கால் 4.2 கிலோநியூட்டன், பீம் புடைப்பால் 0.8, சுமை டயர் கோணலால் 2.6. மொத்தம் ஏறத்தாழ 7.6. அதே அளவு எதிர்ப்பக்க டயரில் குறையும். ஆக முன்னழுத்தம் 8 கிலோநியூட்டனுக்குக் குறையாமல் வேண்டும். 36 கி.மீ வேகத்தைத்தான் பிடிப்பேன் என்றால் இது 12 வரை ஏறும்; நேர்பாதையிலும் நாள் முழுக்க அந்த 12ஐச் சுமந்துகொண்டே டயர் உருளும், சூடாகும், மின்சாரம் தின்னும். வளைவு பாதையின் சிறு பகுதி என்றால் வேகத்தைக் குறைப்பதே மேல்.

இந்த 8 கிலோநியூட்டன் என்பது நமது டயரில் 8 மி.மீ அமுக்கம். பீமின் அகலத்தில் 2 மி.மீ குறைந்தால் பக்கத்துக்கு 1 மி.மீ போகும். டயர் மிதிப்பட்டை 5 மி.மீ தேய்ந்தால் 5 மி.மீ போகும், மிஞ்சுவது 3 மி.மீ, அதாவது வளைவில் டயர் விலகும். ஆகவே வழிகாட்டித் தாங்கியில் ஷிம் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகளால் அல்லது விலகல்மைய ஊசியால் சரிசெய்யும் வசதி கட்டாயம். 1 மி.மீ படிகளில் குறைந்தது 6 மி.மீ சரிசெய்ய இடம் வையுங்கள். ஒவ்வொரு 2 மி.மீ தேய்வுக்கும் ஒரு முறை ஷிம் என்று பராமரிப்பு ஏட்டில் எழுதுங்கள். அளப்பதைக் குளிர்ந்த டயரில் செய்யுங்கள்: 10 பார் அழுத்தமுள்ள டயர் 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 11 பாரைத் தாண்டும், முன்னழுத்தம் ஏறிவிட்டதுபோல் பொய் காட்டும்.

ஜப்பானிய மோனோரயில் டயர்களில் நைட்ரஜன் நிரப்புவது வழக்கம். ஈரமும் ஆக்சிஜனும் இல்லாததால் உள்ரப்பர் நாள்படத் தாங்கும், சூடான டயர் வெடித்தால் தீக்கு உணவு குறைவு.

டயர் காற்றிறங்கினால் தாங்குவதற்கு உள்ளே ரன்-பிளாட் வளையமோ பக்கத்தில் உலோகத் துணைச் சக்கரமோ இருக்கும். வளைவில் டயர் எவ்வளவு அமுங்கும் என்பதைச் சேர்த்துத்தான் அந்த வளையத்தின் விட்டத்தை முடிவு செய்ய வேண்டும். ஓட்டத்தின்போது டயரின் உள்முகம் வளையத்தை அடிக்கடி தொட்டால் இரண்டுமே கெடும். சாவோ பாவ்லோவின் 15ஆம் பாதையில் 2020 பிப்ரவரியில் ஒரு டயர் வெடித்து ரன்-பிளாட் பாகத்தின் துண்டு கீழே தெருவில் விழுந்தது. அந்தப் பாதை மூன்று மாதம் நிறுத்தப்பட்டது. லாஸ் வேகாசில் 2004இல், திறந்த இரண்டு மாதத்துக்குள் வண்டியிலிருந்து பாகங்கள் கழன்று விழுந்து, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஓட்டமில்லை. தலைக்கு மேலே ஓடும் வண்டியில் ஒவ்வொரு பெரிய பாகத்துக்கும் இரண்டாவது பிடிப்பு, கம்பிக் கயிறோ தாங்கு தட்டோ, வடிவமைப்பிலேயே இருக்க வேண்டும். வளைவில் ஆடும் பாகங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

போகிக்கும் பெட்டிக்கும் இடையே

14.6 மீட்டர் பெட்டி, போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 9.6 மீட்டர் என்றால், 50 மீட்டரில் போகி பெட்டிக்கு 5.5 டிகிரி திரும்பும். பெட்டியின் நடு 230 மி.மீ உள்ளே வரும். போகியே 16 மி.மீ உள்ளே இருப்பதால் பீமிலிருந்து பார்த்தால் 246. பெட்டியின் முனை 287 மி.மீ வெளியே தள்ளும். பீமின் இருபுறமும் தொங்கும் பக்கத்தகடு இந்த 246 மி.மீயோடு, பெட்டி ஆட்டமும் சேர்த்து, பீமைத் தொடாமல் இருக்க வேண்டும். பக்கத்தகட்டின் உள்ளே பெட்டிகளாகத் தொங்கும் மின் கருவிகளை நடுவில் வைக்காமல் போகிப் பக்கமாக நகர்த்தினால் இடம் கிடைக்கும்.

சுமை டயர் தளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரக் கூடு இன்னொரு தலைவலி. டயரின் முன்விளிம்பு போகி நடுவிலிருந்து 1.25 மீட்டர், 5.5 டிகிரிக்கு அது பக்கவாட்டில் 120 மி.மீ நகரும். கூட்டை அந்த அளவு இருபுறமும் அகலமாக்கினால் நடைபாதை சுருங்கும். 30 மீட்டருக்குப் போனால் 200 மி.மீ. ஆக்சில் இடைவெளியைக் குறைப்பதற்கு இது இரண்டாவது காரணம்.

போல்ஸ்டர் (போகியின் மேல் சுழன்று பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இல்லாத போகியில் திருப்பம் முழுவதையும் ஏர் ஸ்பிரிங்தான், அதாவது பெட்டியைத் தாங்கும் காற்றுப்பைதான், முறுக்கி நகர்ந்து ஏற்க வேண்டும். ஏர் ஸ்பிரிங்குகள் நடுவிலிருந்து 950 மி.மீ தள்ளி இருந்தால், 50 மீட்டரில் அதன் மேல்தட்டு 91 மி.மீ கிடைமட்டமாக நகரும். பல ஏர் ஸ்பிரிங்குகளுக்கு 100 மி.மீ சுற்றுவட்டாரம்தான் எல்லை. 30 மீட்டரில் 152 மி.மீ, பை மடிந்து உரசிக் கிழியும். அப்போது இரண்டு வழி: போகிகளின் இடைவெளியை 7.5 மீட்டர் ஆக்கலாம் (அப்போதும் 119 மி.மீ), அல்லது சுழல் வளையத்தோடு போல்ஸ்டரைத் திரும்பக் கொண்டுவரலாம். எடை கூடும், ஆனால் ஏர் ஸ்பிரிங் தன் செங்குத்து வேலையை மட்டும் பார்க்கும். பெட்டிகளுக்கு இடையே உள்ள நடைவழி மடிப்பு 50 மீட்டரில் 16.7 டிகிரி மடங்கும் என்பதையும் அதன் தயாரிப்பாளரிடம் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மின்னெடுப்பு ஷூ பீமின் பக்கவாட்டில் ஓடும் கடத்தியைத் தொட வேண்டும். அதைப் போகியின் நடுவில் வைத்தால் அதே 15.6 மி.மீ புடைப்பு, போகிச் சாய்வு, டயர் அமுக்கம் மூன்றும் ஒன்றாகச் சேரும். கையின் வீச்சைக் காலி வண்டிக்கு நேர்பாதையில் அளந்து முடிவு செய்வது பெரும் பிழை. நெரிசல் எடை, இறுக்கமான வளைவு, ஒரு டயர் காற்றிறங்கிய நிலை மூன்றும் சேர்ந்தபோதும் தொடர்பு விடக் கூடாது. மும்பையில் 2025 ஆகஸ்டில் மழை நாளில் மோனோரயில் நடுவழியில் நின்றபோது, 104 டன் தாங்க வேண்டிய வண்டியில் 109 டன் வரை ஏறியதால் மின்கடத்திக்கும் மின்னெடுப்புக்கும் இடையே தொடர்பு விட்டதாக மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையம் விளக்கம் தந்தது.

ஒற்றை ஆக்சில் போகி

கணக்கைப் பார்த்தால் இது மிக எளிய விடை. ஆக்சில் வழிகாட்டிகளுக்கு நடுவே அமைவதால் வளைவில் அது எப்போதும் ஆரத்தின் திசையிலேயே நிற்கும். கோணல் உருளல் கிட்டத்தட்ட பூஜ்யம், திருப்புவிசை பூஜ்யம், டயர் தேய்வு மிகக் குறைவு. முன்னழுத்தம் மையவிலக்கையும் புடைப்பையும் மட்டும் சமாளித்தால் போதும்.

விலை வேறு இடத்தில். இரண்டு டயரே சுமையைத் தாங்குவதால் பெட்டி குட்டையாக, இலகுவாக இருக்க வேண்டும். பிரேக் போடும்போதும் கிளம்பும்போதும் சட்டம் முன்னும் பின்னும் குனியப் பார்க்கும். அதைத் தடுக்கப் பெட்டியோடு இணைக்கும் முறுக்கு எதிர்ப்புத் தண்டுகள் தேவை. அந்தத் தண்டுகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ்கள் போகியின் திருப்பத்துக்கும் இணங்க வேண்டும். விறைப்பாக வைத்தால் வளைவில் போகியைத் திருப்ப விடாது, மிருதுவாக வைத்தால் பிரேக்கில் குனியும். தண்டின் இரு முனையிலும் எந்தப் பக்கமும் திரும்பும் கோளத் தாங்கியைப் போட்டு, நீளவாக்கில் மட்டும் விறைப்பு வரும்படி செய்வது சரியான தீர்வு. 45 மீட்டருக்குக் கீழே பயணிகள் பாதை கேட்டால், பழைய இரட்டை ஆக்சிலை முறுக்கிக்கொண்டிருப்பதைவிட இதற்கு மாறுவதே நேர்மையான யோசனை.

பாதைமாற்றியை மறந்துவிடாதீர்கள்

வளைவுக்கு எல்லாம் சரியாகப் போட்டு, பணிமனை மாற்றியில் போகி திணறுவது வழக்கமான கதை. நேர் பீம் துண்டுகளைக் கீல்போல் மடக்கித் திருப்பும் மாற்றியில் வளைவே இல்லை, மடிப்புகள்தான் உண்டு. 2500 மி.மீ வழிகாட்டி இடைவெளியுள்ள போகி 3 டிகிரி மடிப்பின் மேல் நடுவாக நிற்கும்போது, நடுவில் விலகல் 33 மி.மீ. 50 மீட்டர் வளைவின் 15.6ஐவிட இரண்டு மடங்குக்கு மேல். மடிப்பு 1.5 டிகிரியாக இருந்தால்தான் 50 மீட்டர் வளைவுக்கு இணை. துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். அல்லது பக்கத் தகடுகளை உண்மையாகவே வளைக்கும் மாற்றியைக் கேளுங்கள், அது விலை கூடுதல். பயணிகள் பாதையில் இரண்டாவதும் பணிமனையில் முதலாவதும் போதும்.

சோதனையில் பார்க்க வேண்டியவை

முதல் போகி வந்ததும், பெட்டியைச் சேர்ப்பதற்கு முன், சுமைக்கு ஈடான எடைகளை ஏற்றி மிக இறுக்கமான வளைவில் தள்ளி நிறுத்துங்கள். பக்க டயர் ஆறு, சுமை டயர் நான்கு, ஆகப் பத்து டயர்களின் அமுக்கத்தையும் ரிம்மிலிருந்து பீம் வரை அளந்து, மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்க டயரில் அளவு 2 மி.மீக்கு மேல் பிசகினால் முதலில் பீமின் அகலத்தை அளங்கள். போகியைக் குறை சொல்வது அதன்பிறகு.

அடுத்து பக்க டயர்களில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மெதுவாக வளைவு முழுக்க ஓட்டுங்கள். கோடு ஒரு பக்கத்தில் மட்டும் அழிந்தால் அந்தச் சக்கரத்தின் அச்சு செங்குத்தாக இல்லை என்று பொருள்; போகிச் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் தாங்கியைப் பொருத்தியிருப்பார்கள். வெளி முன் வழிகாட்டியில் கோடு துண்டு துண்டாக அழிந்திருந்தால் அந்த டயர் பீமை விட்டு விலகுகிறது, முன்னழுத்தம் போதவில்லை.

பிறகு வேகத்தோடு அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, நிறுத்திய உடனே டயர் வெப்பத்தை அளங்கள். ஒரே ஆக்சிலின் இரண்டு சுமை டயரில் ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் போகிச் சாய்வு எதிர்பார்த்ததைவிட அதிகம். முன், பின் ஆக்சில் டயர்கள் இரண்டும் சமமாகச் சூடேறினால் அது கோணல் உருளல். ஆக்சில் இடைவெளியைத் தொடாமல் அதைக் குறைக்க முடியாது. நிலைநிறுத்தி மட்டும் சூடானால் அதன் ஷிம் அதிகம்.

கடைசியாக, ஒரு சுமை டயரில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு அதே வளைவில் நடை வேகத்தில் ஓட்டுங்கள். மின்னெடுப்பு, பிரேக் குழாய், சக்கரக் கூடு மூன்றிலும் எங்கே உரசல் தடம் விழுகிறது என்று பாருங்கள். இதைப் பணிமனையில் செய்யத் தயங்கினால், பின்னால் தெருவுக்கு மேலே இருபது மீட்டர் பீமில் கிரேன் வரும்வரை காத்துக்கொண்டு செய்ய வேண்டிவரும்.